கயிறு யார் கையில்?
எண்ணெய் அரசியல் குறித்துச் சில கணக்குகள்

1

'எண்ணெய் தீர்ந்துகிட்டே வருது. அதான் அடிச்சிக்கிறானுங்க.'

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் டீக்கடையில் இந்த வாக்கியம் வந்துவிடும். நான் வேலை பார்க்கும் வங்கியின் சாப்பாட்டு மேசையிலும் வரும். நம் தோழர்கள் நடத்தும் படிப்பு வட்டத்திலும்கூட வருகிறது என்பதுதான் வேதனை. நாளிதழ்களின் நடுப்பக்க நிபுணர்கள் இதே வாக்கியத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டி 'எரிசக்திப் பாதுகாப்பு' என்று எழுதுகிறார்கள். உள்ளே இருப்பது ஒன்றுதான்: சரக்கு கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய, அதனால் சண்டை.

இது பொய். ரொம்ப வசதியான பொய். பற்றாக்குறை என்று சொல்லிவிட்டால் குற்றவாளி காணாமல் போய்விடுகிறான். பழி பூமியின் மேல் விழுந்துவிடுகிறது. மழை பெய்யாததற்கு யார் மேல் வழக்குப் போட முடியும்?

நமக்கு இந்த விஷயத்தில் பாடம் நடத்த யாரும் தேவையில்லை. ஊர்ப் பொதுக்கிணறு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். நம் பாட்டிமார்கள் குடத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றது கிணறு வற்றிப்போனதாலா? தண்ணீர் தளும்பிக்கொண்டுதான் இருந்தது. கயிறும் வாளியும் அடுத்தவன் கையில் இருந்தன. அவனாக மனமிரங்கி ஊற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவனுக்கும் அத்தனை தண்ணீர் தேவையில்லை. 'உனக்கு இல்லை' என்று சொல்லும் அதிகாரம்தான் அவனுக்குத் தேவை. 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது வெறும் தாகத்துக்காக இல்லை என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதே கண்ணால் எண்ணெயைப் பார்க்க மட்டும் ஏன் தயங்குகிறோம்?

நூறு வருட எண்ணெய் அரசியலில் வல்லரசுகள் பிடித்து வைத்திருப்பது எண்ணெயை இல்லை, கயிற்றை. அந்தக் கயிறு மூன்று புரி. ஒன்று கிணறு, இரண்டு கடல், மூன்று கணக்குப் புத்தகம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

2

1901 மே மாதம் வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற பணக்காரர் பாரசீக மன்னரிடமிருந்து ஒரு காகிதம் வாங்கினார். வடக்கே ஐந்து மாகாணம் நீங்கலாக நாடு முழுவதும் எண்ணெய் தேடி எடுக்க 60 ஆண்டு உரிமை. விலை 20,000 பவுண்டு ரொக்கம், 20,000 பவுண்டு பங்கு, வருட லாபத்தில் 16 சதவீதம். டார்சி அந்த மண்ணில் கால்கூட வைத்ததில்லை. 1908இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1909இல் ஆங்கிலோ பெர்ஷியன் கம்பெனி. 1914இல், முதல் உலகப்போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோது, பிரிட்டிஷ் அரசே 22 லட்சம் பவுண்டு கொடுத்து அதில் 51 சதவீதத்தை வாங்கிப் போட்டது. போர் வந்ததும் நவம்பரில் ஃபாவ் துறையில் இறக்கிவிடப்பட்டது இந்தியப் படை. அபாதான் சுத்திகரிப்பு ஆலையைக் காப்பது அவர்களுக்கு இட்ட வேலைகளில் ஒன்று. யாருடைய எண்ணெய்க்கு யார் காவல் என்று பாருங்கள்.

அடுத்து 1928. இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம். அந்த வருடம் ஜூலையில் சிவப்புக்கோட்டு ஒப்பந்தம். பழைய துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பைச் சுற்றி வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குள் கூட்டாளிகளில் எவனும் தனியாகத் தோண்டக்கூடாது. செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் அக்னகாரி கோட்டையில் ஷெல், ஆங்கிலோ பெர்ஷியன், நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் தலைவர்கள் 'வேட்டைக்கு' என்று சொல்லிக் கூடினார்கள். எதற்குக் கூடினார்கள்? எண்ணெய் குறைந்துவிட்டது என்றா? எண்ணெய் அதிகமாகிவிட்டது, விலை சரிகிறது, இருக்கும் சந்தையை இருக்கிறபடியே பங்குபோட்டு நிறுத்திக்கொள்வோம் என்று. கம்பெனிகளுக்கு அன்று பயம் பஞ்சத்தைப் பற்றி இல்லை, வெள்ளத்தைப் பற்றி. இராக்கில் எண்ணெய் இருப்பது தெரிந்தும் பல வருடங்கள் அதிகம் தோண்டாமல் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1961 டிசம்பரில் அப்துல் கரீம் காசிம் அரசு சட்டம் எண் 80 கொண்டுவந்து, கம்பெனி வளைத்துப் போட்டிருந்த நிலத்தில் 99.5 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவ்வளவு நிலத்தைத் தோண்டாமல் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

3

ஈரான் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அபாதான் ஆலை 1950இல் உலகத்திலேயே பெரியது. அங்கே வெள்ளைக்காரர்களுக்கு பிராய்ம் என்று தனிக் குடியிருப்பு. புல்வெளி, நீச்சல் குளம், கிளப். ஈரானியத் தொழிலாளிக்கு காகசாபாத், அதாவது காகித ஊர். தண்ணீரும் மின்சாரமும் எட்டாத குடிசைகள். நடுவில் ஒரு தட்டு, அதில் இந்தியக் குமாஸ்தாக்களும் கைவினைஞர்களும். ஊர், சேரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு தெரு. படத்தை மனுவுக்குத் தபாலில் அனுப்பியதுபோல அச்சாக இருக்கிறது. சவூதியில் அமெரிக்கர்களின் அராம்கோ கம்பெனியும் தஹ்ரானில் இதையேதான் செய்தது. அமெரிக்க முகாம் தனி, இடைநிலை முகாம் தனி, சவூதித் தொழிலாளி முகாம் தனி. எண்ணெய்க் கம்பெனி எங்கே போனாலும் முதலில் கட்டுவது வேலிதான்.

வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அபாதானில் 1920இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இந்தியத் தொழிலாளர்கள். 1922இல் மறுபடி செய்தார்கள், கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1929இல் ஈரானியர்கள். 1946 ஜூலையில் மாகாணம் முழுக்க. அந்த முறை பிரிட்டன் பஸ்ராவுக்கு இந்தியப் படையைக் கொண்டுவந்து நிறுத்தியது. தஹ்ரானில் 1953 அக்டோபரில் ஆயிரக்கணக்கான அராம்கோ தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ராணுவச் சட்டம் வந்தது. 1956இல் மறுபடியும் கிளம்பியபோது அரச ஆணையால் வேலைநிறுத்தமே தடைசெய்யப்பட்டது. எண்ணெய் அரசியல் என்றால் மன்னர்களும் அதிபர்களும் கைகுலுக்கும் படத்தைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். இந்த வேலைநிறுத்தங்களை யாரும் காட்டுவதில்லை.

இந்தக் கொந்தளிப்பின் மேல்தான் மொசாடெக் வந்தார். 1950இல் அந்தக் கம்பெனியிடம் பிரிட்டிஷ் கஜானா வரியாக வாங்கியது, ஈரானுக்கு ராயல்டியாகக் கிடைத்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எண்ணெய் அவனுடையது, கூலி அவனுடையது, வரி லண்டனுக்கு. 1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அடுத்த மாதம் மொசாடெக் பிரதமர்.

அதன்பிறகு நடந்ததைக் கவனியுங்கள், இந்தக் கட்டுரையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஈரான் எண்ணெயைத் தொடமாட்டோம் என்றன. 1952 ஜூனில் ஈரான் எண்ணெயோடு இத்தாலிக்குப் போன ரோஸ்மேரி என்ற கப்பலை மடக்கி ஏடனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிரிட்டிஷ் நீதிமன்றம் எண்ணெய் கம்பெனிக்கே சொந்தம் என்றது. 1950இல் நாளொன்றுக்கு ஆறரை லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த ஈரான் 1952இல் எடுத்தது வெறும் 20,000 பீப்பாய். உலகத்தின் மிகப்பெரிய ஆலை முடங்கிவிட்டது. உலகம் இருண்டுபோனதா? இல்லை. குவைத்திலும் சவூதியிலும் இராக்கிலும் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். 1952இல் உலக உற்பத்தி 1950ஐ விட அதிகம்!

அப்படியானால் ஈரான் எண்ணெய் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பிறகு எதற்கு மொசாடெக்கைத் தள்ள வேண்டும்? 'எங்கள் கிணறு, நாங்களே இறைத்துக்கொள்கிறோம்' என்று ஒருத்தன் சொல்லி, அவன் பிழைத்தும் போய்விட்டால், அடுத்த தெருக்காரனும் கேட்பான். அதற்காக. பிரிட்டன் போட்ட வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 1952 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டம் கைவிட்டதும் கத்தியை எடுத்தார்கள். 1953 ஆகஸ்ட் 19 அன்று ஆட்சிக் கவிழ்ப்பு. அமெரிக்காவின் சி.ஐ.ஏ. தன் பங்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது 2013இல், அறுபது வருடம் கழித்து. மொசாடெக்குக்கு மூன்று வருடச் சிறை, பிறகு 1967இல் சாகும்வரை வீட்டுக்காவல். 1954இல் புதுக் கூட்டமைப்பு: பழைய கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. கவிழ்ப்புக்கு உதவிய கூலி எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

4

அடுத்தது கடல்.

'அமெரிக்காவுக்கு எண்ணெய் வேணும், அதான் வளைகுடாவுல உட்கார்ந்திருக்கான்' என்பது இன்னொரு டீக்கடை வாக்கியம். 2018 முதல் உலகத்தில் அதிகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்காதான். 2020 முதல் இறக்குமதியைவிட அதன் பெட்ரோலிய ஏற்றுமதி அதிகம். தன் வீட்டுத் தொட்டி நிரம்பி வழியும்போதும் அடுத்த ஊர்க் கிணற்றடியில் அவன் காவல் நின்றான் என்றால், எதற்கு?

2024ஆம் வருடக் கணக்குப்படி ஹோர்முஸ் நீரிணை வழியாக நாளொன்றுக்கு 2 கோடி பீப்பாய் போனது. உலகம் செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. இதில் போன கச்சா எண்ணெயில் 84 சதவீதம் ஆசியாவுக்கு. சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா. ஆக, அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்கள் நாம். கயிற்றுப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்பவன் வேறு. இது தற்செயல் இல்லை. அமெரிக்க ராஜதந்திரி ஜார்ஜ் கென்னன் 1949லேயே இதை யோசித்துவிட்டார்: ஜப்பானுக்குப் போகும் எண்ணெய் நம் கட்டுப்பாட்டில் இருந்தால், அது என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பதில் நமக்கு ஒரு தடுப்பதிகாரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர், வளைகுடாவை வேறொருவர் கைப்பற்ற முயன்றால் ராணுவ பலத்தால் முறியடிப்போம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். 1995இல் ஐந்தாம் கப்பற்படையை உயிர்ப்பித்து பஹ்ரைனில் தலைமையகம் வைத்தார்கள்.

இந்தக் 'காவல்' எப்படிப்பட்டது? 1988 ஜூலை 3 அன்று வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் போன ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் செத்தார்கள். அதில் பத்துப் பேர் இந்தியர்கள். கப்பல் தளபதிக்கு 1990இல் பதக்கம் கொடுத்தார்கள். பத்து இந்தியர்களின் பெயர் நம் பள்ளிக்கூடப் புத்தகம் எதிலாவது இருக்கிறதா?

5

மூன்றாவது புரி கணக்குப் புத்தகம். இது நான் சோறு தின்னும் துறை, அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

1973 நடுவில் பீப்பாய் மூன்று டாலருக்குக் கீழே இருந்தது. 1974 ஜனவரியில் 11.65 டாலர். எண்ணெய் நாடுகள் கம்பெனிகளின் கையிலிருந்து விலையைப் பிடுங்கிக்கொண்டன. முதல் புரி அறுந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதே 1974இல் அமெரிக்க நிதித்துறை அமைச்சர் வில்லியம் சைமன் ஜெத்தாவுக்குப் போனார். விற்ற காசை அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்திலேயே போடுங்கள், பதிலுக்கு ஆயுதமும் பாதுகாப்பும் தருகிறோம் என்று பேரம் முடிந்தது. சவூதி எவ்வளவு பத்திரம் வைத்திருக்கிறது என்பதே 2016 வரை ரகசியம். வெளியே சொன்னபோது 11,680 கோடி டாலர். கிணறு கைமாறினால் என்ன, இறைத்த தண்ணீரெல்லாம் திரும்ப அவன் தொட்டிக்கே வந்து விழுகிறது.

டாலரில்தான் வியாபாரம் என்றால், டாலர் கணக்கை முடக்குவதே முற்றுகை. இதற்குக் கப்பல்கூட வேண்டாம். இந்தியா ஈரானிடம் எண்ணெய் வாங்கியது. 2010 டிசம்பரில் ஆசிய தீர்வு ஒன்றியம் மூலம் பணம் கட்டும் வழியை ரிசர்வ் வங்கி அடைத்தது. யாருடைய நெருக்கடியில் என்று கேட்கவேண்டாம். வாங்கிய எண்ணெய்க்குக் காசு இருந்தும் கட்ட வழியில்லாமல் 2011இல் பாக்கி குவிந்தது. துருக்கி வங்கி வழியாகச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். 2012 மார்ச்சில் ஈரான் வங்கிகளை ஸ்விஃப்ட் என்ற செய்திப் பின்னலிலிருந்தே வெட்டிவிட்டார்கள். அப்புறம் ஒரு பகுதியை ரூபாயாக கொல்கத்தா யூகோ வங்கியில் கட்டி வைத்தோம். 2019 மே மாதம் அமெரிக்கா கொடுத்திருந்த விலக்கு முடிந்தது. இந்தியா வாங்குவதையே நிறுத்திவிட்டது. 'இறையாண்மை' என்று மார்தட்டும் தேசத்தின் கதை இது.

2022 டிசம்பரில் ஜி7 நாடுகள் ரஷ்ய எண்ணெய்க்கு 60 டாலர் உச்சவரம்பு போட்டதும் இப்படித்தான். அதற்கு மேல் விற்றால் மேற்கத்தியக் கப்பலும் காப்பீடும் கிடையாது. காப்பீடு இல்லாத கப்பலைத் துறைமுகத்துக்குள் யார் விடுவான்? இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீது மேலும் 25 சதவீத வரி போட்டு மொத்தம் 50 ஆக்கியது. மலிவு எண்ணெயைச் சுத்திகரித்து லாபம் பார்த்தவை பெரிய ஆலைகள். அடி விழுந்தது திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஆர்டரில். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று தோழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

6

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். குவைத்தில் கட்டட வேலைக்குப் போய், 1990 ஆகஸ்டில் சதாம் படை உள்ளே நுழைந்ததும் ஒரு பையோடு திரும்பியவர். பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை, அப்புறம் அம்மானில் விமானம். அப்படி வந்தவர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல். 'பாஸ்போர்ட்ட கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருந்தான் தம்பி. அவன் ஓடிட்டான். நாங்க யாருன்னு சொல்லவே எங்ககிட்ட காயிதம் இல்ல' என்பார்.

அந்தப் போருக்கு நம் தேசம் என்ன செய்தது? 1991 ஜனவரியில் அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயிலும் ஆக்ராவிலும், ஆமாம், சென்னை மீனம்பாக்கத்திலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. எதிர்ப்பு வந்தபிறகுதான் நின்றது. எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாப் பணம் நின்றதும் ஏற்கெனவே கடனில் மூச்சுத் திணறிய அரசை மூழ்கடித்தன. மே மாதம் 20 டன் தங்கம் விற்கப்பட்டது, ஜூலையில் சுமார் 47 டன் அடகு. அதே ஜூலையில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதன்பிறகு பொதுத்துறை சுருங்கச் சுருங்க, இட ஒதுக்கீடு காகிதத்தில் இருந்தது, வேலை இல்லை. வளைகுடாவில் இழுத்த கயிறு நம் பிள்ளைகளின் கழுத்தில் வந்து இறுகியதை நாம் இதுவரை சரியாக எழுதவில்லை.

இழப்பீட்டுக் கணக்கையும் பாருங்கள். இராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து ஐ.நா. ஆணையம் பட்டுவாடா செய்தது. ஓடிவந்த தனி ஆளுக்கு 2,500 முதல் 4,000 டாலர். குவைத் எண்ணெய் நிறுவனத்துக்கு 1,470 கோடி டாலர். 2022 வரை கட்டித் தீர்த்தது யார்? 1990 முதல் 2003 வரை தடையில் கிடந்த இராக்கிய மக்கள். குடிநீரைச் சுத்தம் செய்யும் குளோரினுக்கும், நீரேற்று நிலைய உதிரிப்பாகங்களுக்கும்கூடக் கமிட்டியிடம் கையேந்தி நின்றவர்கள். அந்தக் கொடுமையைப் பார்க்கச் சகிக்காமல் ஐ.நா.வின் சொந்த அதிகாரிகளான டெனிஸ் ஹாலிடே 1998இலும், ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் பதவி விலகினார்கள். 2000 நவம்பரிலிருந்து சதாம் டாலரை விட்டு யூரோவில் எண்ணெய் விற்றார். 2003 படையெடுப்புக்குப் பிறகு மறுபடி டாலர். பாக்தாத் விழுந்தபோது அருங்காட்சியகம் கொள்ளைபோனது, எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் அமெரிக்கக் காவல்.

உடனே சிலர் சதாமுக்கு மாலை போடக் கிளம்பிவிடுவார்கள். 1991இல் இங்கே போட்டார்கள். குர்து மக்களை 1988இல் ஹலப்ஜாவில் விஷவாயு வைத்துக் கொன்றவனுக்கு நம் கையால் மாலையா? சவூதி மன்னரோ, ஈரான் முல்லாக்களோ, யாராக இருந்தாலும் கயிற்றின் இந்த முனையில் நின்று சொந்த மக்களை அடிக்கிறவன் ஏகாதிபத்தியத்தின் எதிரி ஆகிவிடமாட்டான். நம் ஆட்கள் 1920இல் வேலைநிறுத்தம் செய்த அபாதான் பட்டறை, 1953இன் தஹ்ரான் முகாம், பாஸ்போர்ட் பறிக்கப்பட்ட குவைத் கொட்டகை - இவைதான் நாம் நிற்கவேண்டிய இடம். அங்கிருந்து பார்த்தால்தான் மூன்று புரியும் சேர்த்துத் தெரியும்.

ஆகவே தோழர்களே, மாணவ நண்பர்களே, அடுத்த போர் வரும்போது, விலை ஏறும்போது, 'தீர்ந்துபோச்சு' என்று யாராவது தொடங்கினால் மூன்றே கேள்வி கேளுங்கள். கிணற்றில் வேலை செய்கிறவன் யார், அவன் எந்த முகாமில் தூங்குகிறான்? கடலில் யார் கப்பல் நிற்கிறது, யாரை மறிக்க? பணம் எந்த நாட்டுக் கணக்கு வழியாகப் போகிறது, அந்தக் கணக்கை மூடும் சாவி யாரிடம்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அப்புறம் பற்றாக்குறை பற்றிப் பேசட்டும்.

போனமுறை விலை ஏறியபோது பத்திரிகையை அந்தப் பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். உலகத்தில் எண்ணெய் இருப்பு குறைகிறது என்று ஒரு நிபுணர் எழுதியிருந்தார். கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: 'நம்மள ஒதுக்கி நிக்கவச்ச காலத்துல, நம்ம ஊர்க் கெணறு ஒருநாளாவது வத்திக் கெடந்துச்சா தம்பி?'